வீட்டுப்பணியில் முதலிடம், நேரடி நிரலாக்கத்தில் நிராகரிப்பு: ஒரு மென்பொருள் நிறுவனத்தின் ஆட்தேர்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையில் இயங்கும் நடுத்தர அளவிலான மென்பொருள் தயாரிப்பு நிறுவனம் ஒன்று, மூத்த பேக்எண்ட் (சேவையகப் பக்க) நிரலாளர் பணியிடம் ஒன்றுக்காக நடத்திய நேர்காணல்களின் பதிவு இது. மூன்று விண்ணப்பதாரர்களின் அனுபவம் இதில் இடம்பெறுகிறது. அவர்களிடம் அனுமதி பெற்று, அடையாளம் தெரியாத வகையில் சில விவரங்களைத் தவிர்த்து எழுதியிருக்கிறேன். அந்தத் தேர்வுக் குழுவில் நான் இல்லை. அதே நிறுவனத்தின் வேறொரு அணியில் பணிபுரிபவன் என்ற முறையில், நடந்ததை ஆராய்ந்து அறிக்கை தரும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. குழுவினரின் மதிப்பீட்டுக் குறிப்புகளையும் விண்ணப்பதாரர்களுடன் நடந்த மின்னஞ்சல் பரிமாற்றங்களையும் படித்த பின்னர், மூவரிடமும் குழு உறுப்பினர்களிடமும் தனித்தனியே பேசினேன்.

பின்னணி

கடைகளுக்கு யுபிஐ வழியாகவும் அட்டை வழியாகவும் வரும் பணத்தை வங்கிக் கணக்குடன் ஒத்துப்பார்க்கும் மென்பொருளை இந்நிறுவனம் தயாரிக்கிறது. இத்துறையின் அன்றாடச் சிக்கல் ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். பின்னால் வரும் பலவும் அதைச் சார்ந்தவை. பணப்பரிமாற்றம் முடிந்ததும் கட்டண நுழைவாயில் (கடைக்கும் வங்கிக்கும் இடையே பணப்பரிமாற்றத்தை நடத்தித் தரும் சேவை) நமது சேவையகத்துக்கு ஓர் அறிவிப்பை அனுப்பும். பதில் வந்து சேர்ந்ததா என்ற ஐயம் எழுந்தால் அதே அறிவிப்பை மீண்டும் அனுப்பும். ஆகவே ஒரே பரிமாற்றத்துக்கு இரண்டு அறிவிப்புகள், சில வேளைகளில் ஒரே நொடியில்கூட, வந்து சேரலாம். அதை இரண்டு வரவுகளாகப் பதிவு செய்துவிட்டால் கடைக்காரரின் கணக்கு தவறாகிவிடும். அந்தப் பிழை நேராமல் பார்த்துக்கொள்வதே, காலியாக இருந்த பணியிடத்தின் முதன்மையான பொறுப்பு.

ஜாவா நிரல்மொழி, அதன் ஸ்பிரிங் பூட் கட்டமைப்பு, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஆகியவற்றில் 5 முதல் 8 ஆண்டு அனுபவம் வேண்டும் என்று விளம்பரம் வெளியானது. மனிதவளப் பிரிவின் தொலைபேசி உரையாடல், வீட்டில் செய்து அனுப்பும் பணி, குழுவினர் பார்த்துக்கொண்டிருக்க நிரல் எழுதும் சுற்று, மேலாளர் சந்திப்பு என நான்கு கட்டங்கள் வகுக்கப்பட்டிருந்தன. எந்தச் சுற்று எந்தத் திறனை அளக்க வேண்டும் என்பது மட்டும் எங்கும் எழுதப்படவில்லை. சம்பள வரம்பும் விளம்பரத்தில் இல்லை.

முதல் விண்ணப்பதாரர்

கோயம்புத்தூரில், பிறருக்காக மென்பொருள் எழுதித் தரும் ஒரு சேவை நிறுவனத்தில் ஏழாண்டு அனுபவம் பெற்ற பெண்மணி இவர். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் பயின்றவர். எங்கள் நிறுவனப் பணியாளர் ஒருவரின் பரிந்துரையின் பேரில் விண்ணப்பித்தார்.

வீட்டுப்பணியில், இரண்டு கோப்புகளிலுள்ள பணப்பரிமாற்றங்களை ஒத்துப்பார்க்கும் சிறிய சேவையை எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். இரட்டை அறிவிப்பைப் பற்றிக் கேள்வித்தாளில் ஒரு சொல்கூட இல்லை. இவரோ அதைத் தாமாகவே எதிர்பார்த்து, பரிமாற்ற எண்ணின்மீது தரவுத்தளத்திலேயே தனித்துவக் கட்டுப்பாடு (ஒரே எண் இரண்டாம் முறை பதிவாகாமல் தடுக்கும் விதி) விதித்திருந்தார். "ஏற்கெனவே பதிவாகியுள்ளதா என்று நிரலில் பார்த்துவிட்டுப் பிறகு எழுதினால், இரண்டு அறிவிப்புகள் ஒருசேர வரும்போது இரண்டுமே 'இல்லை' என்ற விடையைப் பெற்று இரண்டுமே எழுதப்பட்டுவிடும்" என்று விளக்கக் கோப்பில் எழுதி, அந்நிலையைச் சோதிக்கும் நிரலையும் இணைத்திருந்தார். மதிப்பிட்ட பொறியாளர் அவருக்குத்தான் மூவரிலும் அதிக மதிப்பெண் வழங்கியிருந்தார்.

நிரலாக்கச் சுற்றுக்கு நேரில் வர வேண்டும் என்று அழைப்பு வந்தது. இரண்டு முறை தேதி மாற்றப்பட்ட பின், விடுப்பு எடுத்துக்கொண்டு சேரன் விரைவு வண்டியில் இரவு முழுவதும் பயணம் செய்து காலையில் அலுவலகம் வந்து சேர்ந்தார். நேர்காணல் நடத்த வேண்டிய மூத்த பொறியாளர் அன்று வீட்டிலிருந்து பணியாற்றிக்கொண்டிருந்தார். அந்தத் தகவல் மனிதவளப் பிரிவுக்குக்கூடத் தெரியவில்லை. நண்பகல்வரை வரவேற்பறையில் காத்திருந்த பிறகு, ஒரு கூட்ட அறையில் மடிக்கணினியைக் கொடுத்துக் காணொளி அழைப்பில் இணைத்தார்கள். கோயம்புத்தூரிலிருந்தே கலந்துகொண்டிருக்கக்கூடிய அழைப்புக்காக அவர் சென்னைவரை வரவழைக்கப்பட்டிருந்தார்.

மறுமுனையில் கேமரா அணைக்கப்பட்டிருந்தது. எல்.ஆர்.யூ. கேஷ் ஒன்றை எழுதச் சொன்னார்கள். நெடுநாள் பயன்படுத்தப்படாத தரவை வெளியேற்றிப் புதியதற்கு இடம் தரும் தற்காலிகச் சேமிப்பு அது. நேர்காணல் பயிற்சித் தளங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி. ஜாவாவில் ஆயத்தமாகவே உள்ள லிங்க்ட்ஹேஷ்மேப் என்ற தரவுக் கட்டமைப்பை அணுகல் வரிசையில் இயங்கும்படி அமைத்து, பழைய உறுப்பை நீக்கும் செயற்கூறை மாற்றி எழுதினால் போதும் என்று இவர் உடனே கூறினார். அது சரியான விடை. உண்மையான பணியில் எவரும் செய்யக்கூடியதும் அதுதான். நூலகங்களை (ஆயத்த நிரல் தொகுப்புகளை) பயன்படுத்தக்கூடாது, இருவழி இணைப்புப் பட்டியலை (ஒவ்வோர் உறுப்பும் தன் முன்னதையும் பின்னதையும் சுட்டும் பட்டியல்) கையாலேயே எழுத வேண்டும் என்று பதில் வந்தது. எழுதத் தொடங்கினார். நீக்கப்படும் உறுப்பு பட்டியலின் தொடக்கத்தில் இருக்கும்போது முந்தைய இணைப்பு வெறுமையாக இருக்கும் என்பதைக் கவனிக்கத் தவறி, நிரல் பிழையுடன் நின்றது. அடுத்துச் சிந்திக்க முற்பட்டபோது மறுமுனையில் தட்டச்சு ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததாகவும், தம்மைப் பற்றித்தான் எழுதுகிறாரா, வேறு வேலை பார்க்கிறாரா என்று புரியாமல் தடுமாறியதாகவும் என்னிடம் கூறினார். நாற்பத்தைந்து நிமிடம் முடிந்தது. "ஓகே, ஹெச்.ஆர். உங்களைத் தொடர்புகொள்வார்" என்ற சொற்களோடு அழைப்பு நின்றது.

மதிப்பீட்டுப் படிவத்தில் மூன்று வரிகளே இருந்தன: தொடர்பாற்றல் சுமார், அழுத்தத்தில் தடுமாறுகிறார், இந்நிலைக்கு ஏற்றவர் அல்லர். மேலாளர் சந்திப்பு நடைபெறவே இல்லை.

இரண்டாம் விண்ணப்பதாரர்

இவர் ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் ஐந்தாண்டு பணியாற்றியவர். அதே கேள்வியை அரைமணி நேரத்துக்குள் பிழையின்றி முடித்தார். அந்த வினாவைப் பலமுறை பயின்றிருந்ததாக என்னிடம் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். பயிற்சி செய்து வருவது குற்றமன்று. நிறுவனம் எதைக் கேட்கிறதோ அதற்குத்தான் விண்ணப்பதாரர் தயாராக முடியும். அவரது வீட்டுப்பணியில் இரட்டை அறிவிப்பைக் கையாளும் ஏற்பாடு இல்லை. இறுதிக் கலந்தாய்வில் அதை எவரும் எழுப்பவில்லை. கலந்தாய்வுக் குறிப்பைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: முதலில் பேசிய மூத்த பொறியாளர் இவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார், அடுத்துப் பேசிய மூவரும் "உடன்படுகிறேன்" என்று எழுதியிருந்தார்கள்.

பணி ஆணை அனுப்பப்பட்டது. இந்தியத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவற்றிலும் உள்ளவாறே அவருக்கும் 90 நாள் நோட்டீஸ் பீரியட் (பணிவிலகலை அறிவித்த பின்னும் பழைய நிறுவனத்தில் இருக்க வேண்டிய காலம்) இருந்தது. மூன்றாம் மாதத்தில், வேறொரு நிறுவனம் கூடுதல் சம்பளம் தர முன்வந்ததால் சேர இயலவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பினார். சம்பளம் பற்றிய பேச்சு கடைசிக் கட்டத்தில்தான் தொடங்கியது என்பதையும், தொடங்கியபோது தற்போதைய சம்பளச் சீட்டைக் கேட்டு அதன்மேல் ஒரு விழுக்காடு உயர்த்தித் தரும் வழக்கமான முறையே பின்பற்றப்பட்டது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் விண்ணப்பதாரர்

இவர் எல்லாச் சுற்றுகளையும் முடித்தார். அதன்பின் எந்தப் பதிலும் வரவில்லை. மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பியிருக்கிறார். ஒன்றுக்கும் மறுமொழி இல்லை. அதே பணியிடத்துக்கு மீண்டும் விளம்பரம் வந்ததைக் கண்டபோதுதான் தாம் தேர்வாகவில்லை என்பதை அறிந்தார். இரண்டாமவர் சேராமல் போனால் இவரை அழைக்கலாம் என்று குழு கருதியிருந்தது. அதை அவரிடம் சொல்லிக் காத்திருக்கச் சம்மதமா என்று கேட்டிருக்கலாம். பதிலை எதிர்பார்த்து இருந்ததால், கிடைத்த வேறொரு வாய்ப்பை அந்தக் காலத்தில் அவர் தள்ளிப்போட்டிருந்தார்.

ஆய்வில் தெரியவந்தவை

பரிந்துரைத்த பணியாளர், முதல் விண்ணப்பதாரரின் வீட்டுப்பணியையும் நிராகரிப்புக் குறிப்பையும் அருகருகே வைத்து இயக்குநரிடம் காட்டியதிலிருந்து இந்த ஆய்வு தொடங்கியது. பணியிடம் ஏறத்தாழ அரையாண்டு காலியாகவே கிடந்ததும் நிர்வாகத்தை யோசிக்க வைத்தது.

எல்லாவற்றினும் முதன்மையாக நான் கருதுவது, நேரடி நிரலாக்கச் சுற்று பணிக்குத் தேவையான திறனை அளக்கவில்லை என்பதைத்தான். மற்றவர் பார்வையின் கீழ் நினைவிலிருந்து எழுதும் ஆற்றலை அது அளந்தது. இதற்கு ஆய்வுச் சான்று உண்டு. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் இணைந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், கணினி அறிவியல் பயிலும் 48 மாணவர்களுக்கு ஒரே வகையான நிரலாக்க வினா தரப்பட்டது. ஒரு பிரிவினர் நேர்காணல் நடத்துபவர் பார்த்துக்கொண்டிருக்க வெண்பலகையில் உரக்கச் சிந்தித்து எழுதினார்கள். மற்றவர்கள் தனியறையில் எழுதினார்கள். பார்க்கப்பட்டவர்களின் செயல்திறன் பாதிக்கும் கீழே சரிந்தது. பார்வையின் கீழ் எழுதிய பெண்களில் ஒருவரும் விடையை எட்டவில்லை. தனியறையில் எழுதிய பெண்கள் அனைவரும் எட்டினார்கள். பாலினம் குறித்து உறுதியாகச் சொல்ல இந்த எண்ணிக்கை போதாது என்று ஆய்வாளர்களே கூறியிருக்கிறார்கள். இருந்தும், கோயம்புத்தூரிலிருந்து வந்தவர் என்னிடம் சொன்னதைக் கேட்டபோது இந்த ஆய்வை ஒதுக்கிவிட முடியவில்லை. அந்தத் தட்டச்சு ஓசை நிரலாக்கத் திறனுக்கான சோதனை அன்று.

அடுத்தது "தொடர்பாற்றல் சுமார்" என்ற குறிப்பு. இதைப் பற்றிக் குழுவிடம் நான் விரிவாகக் கேட்டேன். அவர் சொன்ன தொழில்நுட்ப விளக்கம் எதுவும் புரியாமல் போகவில்லை. ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிப் பேசினார் என்பதே அதன் பொருள் என்று தெரிந்தது. அந்த அணியில் அன்றாடக் கூட்டங்கள் பெரும்பாலும் தமிழிலேயே நடக்கின்றன. நேர்காணல் நடத்தியவரும் தமிழர்தான். வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டிய தேவை இப்பணியில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது எழுத்துத் திறன், அதை எவரும் சோதிக்கவில்லை. வீட்டுப்பணியின் விளக்கக் கோப்பு தெளிவான ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டிருந்தது. தமிழ்வழியில் படித்து இத்துறைக்கு வந்தவர்கள் எத்தனை நேர்காணல்களில் இந்த ஒற்றை வரியால் திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள் என்ற எண்ணம், அறிக்கையை எழுதி முடித்த பின்னும் என்னைவிட்டு அகலவில்லை.

மூவரிடமும் கேட்கப்பட்ட வினாக்களும் ஒரே மாதிரி இருக்கவில்லை. மூன்றாமவரிடம் கேஷ் பற்றிக் கேட்கவே இல்லை. அவருக்கு வரைபட வழித்தேடல் (இணைக்கப்பட்ட புள்ளிகளிடையே பாதை காணும்) வினா தரப்பட்டது. வெவ்வேறு வினாக்களுக்குக் கிடைத்த மதிப்பெண்களை ஒப்பிட்டு முடிவெடுத்திருக்கிறார்கள். ஆட்தேர்வு முறைகள் குறித்த பல ஆய்வுகளைத் தொகுத்து உளவியலாளர் சாக்கெட் குழுவினர் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டில், எல்லோருக்கும் ஒரே வினாக்களும் ஒரே மதிப்பெண் அளவுகோலும் கொண்ட நேர்காணலுக்கும் பின்னாளைய பணித்திறனுக்கும் இடையிலான தொடர்பு 0.42 (முழுப் பொருத்தம் என்றால் 1) என்றும், மனம்போன போக்கில் நடத்தப்படும் நேர்காணலுக்கு அது 0.19 மட்டுமே என்றும் காட்டப்பட்டுள்ளது. எங்களுடையது இரண்டாம் வகை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நிர்வாகம், தேர்வுக் குழு, மனிதவளப் பிரிவு ஆகிய மூன்று தரப்பும் கூடிப் பேசியது. பணிக்கு வேண்டிய திறன்களை முதலில் எழுதினார்கள்: தரவின் நம்பகத்தைக் காத்தல், பிறர் எழுதிய நிரலைப் படித்துத் திருத்துதல், பழுது ஏற்படும்போது காரணத்தைக் கண்டறிதல், அதை எழுத்தில் விளக்குதல். இந்தப் பட்டியலில் இணைப்புப் பட்டியலை நினைவிலிருந்து எழுதுவது இடம்பெறவில்லை என்பதைச் சுட்டிக்காட்டியவர், அந்த வினாவைக் கேட்ட மூத்த பொறியாளரேதான். அவருடைய அந்த நேர்மையை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

நேரடிச் சுற்றை நீக்கிவிட்டு வீட்டுப்பணியை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கருத்து எழுந்தது. அது ஏற்கப்படவில்லை. குழந்தையையோ முதியவரையோ பார்த்துக்கொண்டு வேலைக்கும் செல்பவருக்கு வார இறுதி முழுவதையும் ஊதியமில்லாப் பணிக்குக் கொடுக்க முடியாது. தவிர, சாட்ஜிபிடி போன்ற கருவிகள் பரவிவிட்ட நிலையில், அனுப்பப்பட்ட நிரலை மட்டும் வைத்து எழுதியவரின் புரிதலை அளவிட இயலாது. ஆகவே வீட்டுப்பணி இரண்டு மணி நேரத்தில் முடியக்கூடியதாகச் சுருக்கப்பட்டது. நேரடிச் சுற்றில், நிறுவனத்தின் பழைய பழுது ஒன்றைத் தழுவிய சிறு நிரலை அனைவருக்கும் கொடுத்து, நாற்பது நிமிடம் தனியே விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. நூலகங்களையும் ஆவணங்களையும் இணையத்தையும் பயன்படுத்தலாம். அதன்பின் இருவர் வந்து, அவர் செய்த திருத்தத்தைப் பற்றி உரையாடுவார்கள். உரையாடல் தமிழிலோ ஆங்கிலத்திலோ, விண்ணப்பதாரரின் விருப்பப்படி அமையும். பழுதைப் பற்றி வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறிப்பொன்றை ஆங்கிலத்தில் எழுதச் சொல்வதும் சேர்க்கப்பட்டது.

குழுவினர் ஒவ்வொருவரும் கலந்தாய்வுக்கு முன்பே மதிப்பெண்ணையும் காரணத்தையும் எழுதிப் பூட்டிவிட வேண்டும். கலந்தாய்வில் பணியில் இளையவர் முதலில் பேச வேண்டும். இந்த விதிக்கு எதிர்ப்பு வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. எதிர்ப்பு வந்தது மற்றொன்றுக்கு: ஏழு வேலைநாட்களுக்குள் ஒவ்வொருவருக்கும் முடிவைக் காரணத்துடன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதற்கு. காரணத்தைச் சொன்னால் வாதம் வளரும் என்று மனிதவளப் பிரிவு தயங்கியது. மூன்றாம் விண்ணப்பதாரரின் மூன்று மின்னஞ்சல்களை அக்கூட்டத்தில் படித்துக் காட்டிய பிறகு தயக்கம் விலகியது. சம்பள வரம்பை விளம்பரத்திலேயே வெளியிடவும் ஒப்புக்கொண்டார்கள்.

பின்விளைவுகள்

முதல் விண்ணப்பதாரருக்கு இயக்குநர் வருத்தம் தெரிவித்து எழுதி, பயணச் செலவையும் திருப்பித் தந்து, புதிய முறையில் கலந்துகொள்ளும்படி அழைத்தார். அவர் அதற்குள் கோயம்புத்தூரிலேயே வேறொரு நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். கடிதத்துக்கு நன்றி தெரிவித்து, மீண்டும் வர விருப்பமில்லை என்று பதில் எழுதினார். நிராகரிப்புக்குப் பின் சில மாதங்கள் எங்கும் விண்ணப்பிக்காமல் இருந்ததாகவும், ஏழாண்டு செய்த வேலையே தமக்குத் தெரியாதோ என்று ஐயுற்றதாகவும் என்னிடம் சொன்னார்.

மூன்றாமவர் மீண்டும் விண்ணப்பித்தார், இம்முறையும் தேர்வாகவில்லை. பழுதின் காரணத்தைச் சரியாகக் கண்டறிந்தாலும், அவருடைய திருத்தம் ஒருசேர வரும் அறிவிப்புகளைத் தாங்கவில்லை. அது அவருக்கு எழுத்தில் விளக்கப்பட்டது. எங்கே குறை என்று முதன்முறையாக ஒரு நிறுவனம் சொல்லியிருக்கிறது என்று பதில் எழுதியிருந்தார். மனிதவளப் பிரிவு அஞ்சிய வாதம் எழவில்லை.

பணியிடம் வேறொருவரால் நிரம்பியது. பேச்சில் மிகவும் தயக்கமுள்ளவர். பழைய முறையில் முதல் விண்ணப்பதாரருக்குக் கிடைத்த அதே மூன்று வரிகள்தான் இவருக்கும் கிடைத்திருக்கும் என்று குழுவினரே கூறினர். தற்போது நன்றாகப் பணியாற்றுகிறார். ஒருவரை மட்டும் வைத்துப் புதிய முறை சிறந்தது என்று நிறுவிவிட முடியாது. குழுவின் வேலைப்பளு கூடியிருப்பதையும் மறைக்கலாகாது. வினாக்கள் வெளியே கசிந்துவிடுவதால் பழுது நிரலை அவ்வப்போது புதிதாக எழுத வேண்டியிருக்கிறது. பார்வையின் கீழ் எழுத வைப்பதே சரி என்று கருதிய ஒருவர் குழுவிலிருந்து விலகிக்கொண்டார்.

இன்னும் மாற வேண்டியவை

சம்பளச் சீட்டைக் கேட்கும் வழக்கம் நிற்கவில்லை. வரம்பை வெளியிட்ட பின்னும், முந்தைய சம்பளத்தைப் பார்த்து வரம்பின் அடியிலேயே தொகையை வைக்கும் போக்கு தொடர்கிறது. சேவை நிறுவனங்களிலிருந்து வருபவர்களே இதனால் அதிகம் இழக்கிறார்கள். இதை நிறுத்த வேண்டும் என்று அறிக்கையில் எழுதியுள்ளேன். நிர்வாகம் அடுத்த ஆண்டுத் திட்டமிடலில் பரிசீலிப்பதாகக் கூறியிருக்கிறது.

வெளியூரிலிருந்து வருபவர்களின் பயணச் செலவை நிறுவனமே ஏற்க வேண்டும் என்ற பரிந்துரை ஏற்கப்பட்டுவிட்டது. தேதியை மாற்ற நேர்ந்தால் 48 மணி நேரத்துக்கு முன் தெரிவிக்க வேண்டும் என்பது நடைமுறையில் இருமுறை மீறப்பட்டிருக்கிறது. விண்ணப்பித்த ஒவ்வொருவரிடமும், முடிவைத் தெரிவித்த பின்னர், நேர்காணல் எப்படி இருந்தது என்று பெயரில்லாமல் கேட்டுப் பெறும் படிவம் அணியமாகி வருகிறது. தேர்வாகாதவர்களின் பதில்களைத் தேர்வுக் குழுவே படிக்க வேண்டும், மனிதவளப் பிரிவு சுருக்கித் தரக்கூடாது என்பது என் கோரிக்கை. அதன்மீது முடிவு இன்னும் எட்டப்படவில்லை.